பொன்னும் முலாமும்

நாணயம் என்ற சொல் தமிழிலே காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். நேயர்களே, இவ்விரு பொருளும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று எண்ணும்போதெல்லாம் ஐரோப்பாவின் பண்டைய கெல்டியர் விட்டுச்சென்ற காசுகளே என் நினைவுக்கு வருகின்றன.

மசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப்பு (கி.மு. 359 - 336) வெளியிட்ட பொற்காசின் ஒரு பக்கத்தில் இலைமாலை சூடிய அப்பொலோவின் தலையும், மறுபக்கத்தில் இரட்டைக் குதிரை பூட்டிய தேரும் இருந்தன. கூலிப்படையினராகச் சென்ற கெல்டியர் வழியாக இக்காசு கோல் தேசத்தை, அதாவது இன்றைய பிரான்சை, அடைந்தது என்பர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அதனைப் பார்த்துத் தாமே காசு அடிக்கத் தொடங்கினர். தலைமுறைகள் செல்லச் செல்ல அப்பொலோவின் முகம் சுருள்களாகக் கரைந்தது. தேர் மறைந்து ஒரு சில்லு மட்டும் எஞ்சியது. இரு குதிரைகள் ஒன்றாயின. அதுவும் பிறைகளும் புள்ளிகளுமாகச் சிதறியது. கிரேக்கக் கலையையே அளவுகோலாகக் கொண்டோர் இதனைத் திருந்தாத கைகளின் வேலை என இகழ்ந்தனர். எனக்கோ இது புதியதொரு கலையாகவே தோன்றுகிறது. பாரிஸ் நகருக்குப் பெயர் தந்த பாரிசி குலத்தாரின் பொற்காசைப் பார்த்தோர் இதனை மறுக்கமாட்டார்கள்.

இக்காசுகள் புழங்கிய அதே காலத்தில் கள்ளக் காசுகளும் புழங்கின. செப்பு வில்லையொன்றை மெல்லிய பொற்றகட்டினாலோ வெள்ளித் தகட்டினாலோ பொதிந்து, சூடாக்கி, அச்சுகளுக்கிடையே வைத்து அடித்தார்கள். உருவம் அச்சொட்டாக இருக்கும். ஆனால், ஒரே பருமனுள்ள செம்பிலும் பொன் இரு மடங்குக்கு மேல் நிறையுடையது. ஆகவே கள்ளக் காசைத் தராசு காட்டிக்கொடுத்துவிடும். ஜேர்மனியிலுள்ள மான்சிங் என்ற கெல்டியக் குடியிருப்பில் நுண்ணிய தராசுகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. தராசு இல்லாதவனோ, விளிம்பு தேய்ந்து செம்பு தலைகாட்டும்வரை ஏமாந்தே இருப்பான்.

பிலிப்பின் காசைப் போலத் தோன்றாத காசு பொன்னாக இருந்தது. நல்ல காசைப் போலவே தோன்றிய காசு செம்பாக இருந்தது. ஆகவே, பார்த்துச் செய்வதெல்லாம் போலியாகிவிடாது. உள்ளே இருப்பதை மறைப்பதே போலி.

எனினும், பழியைக் கள்ளக் கம்மியன் தலையில் மட்டும் சுமத்திவிட முடியாது. குலத் தலைவர்களே தம் காசுகளின் மாற்றைக் குறைத்து வந்தனர். 2012இல் யேர்சித் தீவில் ஏறக்குறைய 70,000 காசுகள் கொண்ட புதையலொன்று கிடைத்தது. யூலியஸ் சீசர் கி.மு. 58இல் தொடங்கிய கோல் போரின் காலத்தை ஒட்டியது அது. அவற்றுட் பெரும்பாலானவை கொரியோசொலிட்டே குலத்தாரின் காசுகள். வெள்ளியோடு செம்பு தாராளமாகக் கலந்தவை. தனியொருவன் செம்பைப் புகுத்தினால் அது களவு. தலைவன் புகுத்தினால் அதற்குக் காலத்தின் நெருக்கடி என்று பெயர்.

இருவராலும் இழந்தவன் ஒருவனே. தன் தானியத்துக்கு விலையாகவோ, தன் வாளுக்குக் கூலியாகவோ அக்காசைக் கை நீட்டி வாங்கியவன் அவன். தலைவர்கள் சிலரின் பெயர்கள் காசுகளில் இன்றும் வாசிக்கக் கிடக்கின்றன. அவன் பெயர் எந்தக் காசிலும் இல்லை.