கடற்பாம்பு நஞ்சும் முறிமருந்தும்

மன்னார் வளைகுடா மீனவர் வலையில் கடற்பாம்பும் சிக்கி வருவதுண்டு. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இராது, ஆபத்தே அதில்தான். சில மணி நேரத்தில் உடலெங்கும் தசை வலிக்கும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும். நஞ்சால் சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் மயோகுளோபினே இதற்குக் காரணம் என்பதைப் பினாங்கில் பணியாற்றிய மருத்துவர் அலிஸ்டர் ரீட் விளக்கினார். அது சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

1894இல் கால்மெட் நாகத்தின் நஞ்சுக்குச் சீரம் கண்டார். எல்லா நஞ்சுக்கும் அது உதவும் என்ற நம்பிக்கை நிலைக்கவில்லை. பூட்டுக்கேற்ற சாவி போல, எந்த நஞ்சைக் குதிரைக்குச் செலுத்தினார்களோ அதையே சீரம் பிணைக்கும். இந்தியச் சீரம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கானது. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருவதும் இந்நான்கின் நஞ்சே. கடற்பாம்புச் சீரம் ஆஸ்திரேலியத் தயாரிப்பு. அது கைவசமில்லாத நம் கரையில் சிரைவழித் திரவம், செயற்கைச் சுவாசம், தேவைப்பட்டால் டயாலிசிஸ் ஆகியவற்றைக் கொண்டே உயிர் காக்கப்படுகிறது.