விடுதியும் ஆங்கிலமும்

கோடை விடுமுறையில் பிள்ளைகளை ஆங்கிலம் பயில விடுதிக்கு அனுப்பும் வழக்கத்தை, மகாராஜபுரம் போன்ற ஊர்களில் நாம் புதுமை என்றே எண்ணுகிறோம். இதன் வேர் பழையது.

1844-இல் ஆளுநர் நாயகம் ஹார்டிஞ்சு, ஆங்கிலக் கல்வி பெற்றோர்க்கு அரசுப் பணியில் முன்னுரிமை என அறிவித்தார். அதே ஆண்டில் இயேசு சபையார் நாகப்பட்டினத்தில் தூய வளனார் கல்லூரியைத் தொடங்கினர். 1883-இல் அது திருச்சிக்கு மாறியது. தொலைவூர்ப் பிள்ளைக்கு விடுதியின்றி அக்கல்வி எட்டியிராது.

அன்றைய மதுரை மறைத்தளக் குருக்களோ பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர். மாணவனுக்கு மட்டுமா, அவர்களுக்கும் ஆங்கிலம் அயல்மொழியே! பணிக்கான ஆங்கிலத்தோடு, மக்களிடம் பேசத் தமிழையும் அவர்கள் கற்றாக வேண்டியிருந்தது. தமிழ் பேசினால் அபராதம் விதிக்கும் விடுதிகளைக் காணும்போது நமக்கு அவர்கள் நினைவே வருகிறது.