கல்வியில் மெய்நிகர் உண்மை

கல்வியில் மெய்நிகர் உண்மை என்பது, கணினி உருவாக்கும் முப்பரிமாணச் சூழலுக்குள் தாம் இருப்பதாகவே மாணவர் உணரும்படி செய்து, அதன்வழி பாடங்களையும் செய்முறைகளையும் கற்பிக்கும் முறை ஆகும். தலையில் அணியும் காட்சிக்கருவி, சுவர்களே திரைகளாக அமைந்த அறை, குவிமாடக் கோளரங்கு, தொடுவுணர்வை உண்டாக்கும் கைக்கருவி முதலியன இதற்குப் பயன்படுகின்றன. பல்கலைக்கழகங்களின் மருத்துவ, பொறியியல், அறிவியல் பாடங்களிலும், பள்ளி மாணவரிடம் அறிவியலைக் கொண்டுசெல்லும் பணிகளிலும் இம்முறை இடம்பெறுகிறது.

செயல்படும் முறை

மனிதரின் இரு கண்களும் ஒரு பொருளைச் சற்றே வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. இவ்வேறுபாட்டைக் கொண்டே மூளை ஆழத்தை உணர்கிறது. தலையில் அணியும் கருவி ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படத்தைக் காட்டி இதே உணர்வை உண்டாக்குகிறது. கருவியிலுள்ள உணரிகள் தலையின் அசைவைக் கணித்து, அதற்கேற்பக் காட்சியை மாற்றுகின்றன. தலை திரும்பிய பின் காட்சி மாறுவதில் காலத்தாழ்ச்சி ஏற்பட்டால் பயன்படுத்துபவருக்குத் தலைச்சுற்றலும் குமட்டலும் உண்டாகலாம்.

கண்முன் உள்ள உண்மையான காட்சியின் மீது கணினிப் படங்களைச் சேர்த்துக் காட்டுவது மிகை மெய்ம்மை எனப்படும். இதற்குத் திறன்பேசியே போதுமானது.

வரலாறு

பார்வையாளரைக் காட்சி முழுவதுமாகச் சூழ்ந்துகொள்ளும் கற்பித்தல் கருவிகளுள் கோளரங்கு முற்பட்டது. செருமனியின் சைசு நிறுவனம் உருவாக்கிய வான்காட்சி ஒளியெறிவி 1923 ஆம் ஆண்டு மியூனிக்கு நகரில் முதன்முதலாக இயக்கிக் காட்டப்பட்டது. அமெரிக்கரான மார்ட்டன் ஐலிக் படம், ஒலி, மணம், அதிர்வு ஆகியவற்றை ஒருங்கே தரும் சென்சோராமா என்னும் பொறிக்கு 1962 இல் காப்புரிமை பெற்றார். 1968 இல் ஐவன் சதர்லாண்டு தலையில் அணியும் கணினிக் காட்சிக்கருவியை உருவாக்கினார். அதன் எடை மிகுதியாக இருந்ததால் கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டது. சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தினர் 1992 இல் கேவ் எனப்படும் திரைச்சுவர் அறையைக் காட்சிப்படுத்தினர்.

2014 இல் கூகுள் நிறுவனம் வெளியிட்ட அட்டைப்பெட்டிக் கருவி, திறன்பேசியையே மலிவான காட்சிக்கருவியாக மாற்றியது. இதன் பின்னரே இத்தொழில்நுட்பம் சாதாரணப் பள்ளிகளை எட்டியது.

கல்விப் பயன்கள்

நேரில் செய்தால் இடர் தருவன, பெரும்பொருள் செலவாவன, தொலைவில் உள்ளன, கண்ணுக்கு எட்டாத அளவில் மிகச் சிறியனவாகவோ மிகப் பெரியனவாகவோ உள்ளன ஆகிய பாடப்பொருள்களுக்கே இம்முறை பெரிதும் ஏற்றது. அறுவை மருத்துவப் பயிற்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி மருத்துவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு 2002 இல் வெளியானது. மெய்நிகர் பயிற்சி பெற்றவர்கள் பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் பணியை மற்றவர்களைவிட 29 விழுக்காடு விரைவாகச் செய்ததுடன், குறைவான பிழைகளையே செய்தனர் என்று அவ்வாய்வு காட்டியது. நோயாளிக்குத் தீங்கின்றி ஒரு செயலைப் பலமுறை செய்து பழக முடிவது இதன் சிறப்பாகும்.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இந்திய நடுவண் அரசு 2009 இல் தொடங்கிய தகவல் தொடர்புத் தொழில்நுட்பவழித் தேசியக் கல்வி இயக்கத்தின் கீழ் மெய்நிகர் ஆய்வகங்கள் உருவாக்கப்பட்டன. தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஒருங்கிணைத்த இத்திட்டத்தில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா விசுவ வித்யாபீடமும் பங்கேற்றது. இவற்றைச் சாதாரணக் கணினியிலேயே பயன்படுத்தலாம். முழுமையாகச் சூழ்ந்துகொள்ளும் காட்சி இவற்றில் இல்லையெனினும், ஆய்வகக் கருவிகள் போதிய அளவில் இல்லாத கல்லூரி மாணவர்களுக்குச் செய்முறைப் பயிற்சியை இவை எட்டச் செய்தன.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் எக்ஸ்டிக் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்வு நடுவம், மெய்நிகர் உண்மை, தொட்டுணர் தொழில்நுட்பம் ஆகிய துறைகளில் ஆய்வு நடத்துகிறது. பேராசிரியர் மு. மணிவண்ணன் இத்துறையில் பணியாற்றுபவருள் குறிப்பிடத்தக்கவர். தசையின் இறுக்கம், ஊசி நுழையும்போது ஏற்படும் எதிர்விசை போன்றவற்றைக் கண்ணால் மட்டும் கற்க இயலாது. எனவே மருத்துவப் பயிற்சியில் தொட்டுணர் கருவிகள் இன்றியமையாதவை. இதே கழகத்தின் நினைவாய்வு நடுவம், ஊரகப் பள்ளி மாணவர்களுக்கான மெய்நிகர் கற்பித்தல் திட்டம் ஒன்றை 2022 இல் அறிவித்தது.

தென் மாவட்டங்கள்

தென் மாவட்ட இளைஞர்களுக்கு இவ்வகைக் காட்சிகளை அறிமுகப்படுத்தியவற்றுள் திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையம் முதன்மையானது. தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் குழுமத்தின் கீழ் இது 1987 இல் நிறுவப்பட்டது. முப்பரிமாணக் காட்சிகளும் கோளரங்கக் காட்சிகளும் இங்கு நடத்தப்படுகின்றன. சென்னையில் பிர்லா கோளரங்கம் 1988 இலும், திருச்சிராப்பள்ளியில் அண்ணா அறிவியல் மையம் 1999 இலும் தொடங்கப்பட்டன.

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமானது. தென்காசியிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. எனவே இலத்தூர், குற்றாலம் முதலிய ஊர்களின் மாணவர்கள் இம்மையத்தைக் காண ஒருநாள் பயணம் மேற்கொள்ள வேண்டியுள்ளது. மாணவர் வர இயலாத இடங்களுக்குக் கருவிகளே செல்வது இதற்கு ஒரு தீர்வாகும். காற்றடைத்து விரிக்கும் குவிமாடத்தைப் பள்ளி வளாகத்திலேயே அமைத்து, ஒரு வகுப்பு மாணவர் அனைவருக்கும் ஒரே நேரத்தில் காட்சி நடத்தலாம். பேருந்தில் அறிவியல் காட்சிப்பொருள்களைக் கொண்டுசெல்லும் முறை இந்தியாவில் 1965 இல் கொல்கத்தாவில் தொடங்கியது.

வரம்புகளும் திறனாய்வும்

சூழலுக்குள் இருப்பது போன்ற உணர்வு மிகுந்தால் கற்றலும் மிகும் என்று கொள்ள இயலாது. குயிடோ மக்ரான்சுகி குழுவினர் 52 பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தி 2019 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அறிவியல் ஆய்வகப் பாடம் கணினித் திரையிலும் தலைக்கருவியிலும் தரப்பட்டது. தலைக்கருவி அணிந்தபோது மாணவர்கள் அச்சூழலில் தாம் இருப்பதாகக் கூடுதலாக உணர்ந்தனர். ஆனால் குறைவாகவே கற்றனர். காட்சியின் கவர்ச்சி மாணவரின் கவனத்திற்குச் சுமையாவது இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. ஆகவே காட்சிக்கு முன் விளக்கமும், பின் கலந்துரையாடலும் தரும் ஆசிரியரின் பங்கு முதன்மை பெறுகிறது.

தனியார் நிறுவனங்களின் சேவைகளைச் சார்ந்திருப்பது மற்றொரு சிக்கல். பள்ளிகளுக்கென 2015 இல் கூகுள் அறிமுகப்படுத்திய எக்சுபெடிசன்சு செயலி 2021 இல் நிறுத்தப்பட்டது. அதனைக் கொண்டு பாடத்திட்டம் வகுத்த ஆசிரியர்கள் வேறு வழி தேட நேர்ந்தது.

தலைக்கருவி ஒரு வேளையில் ஒருவருக்கே பயன்படுகிறது. நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் ஒரே கருவி இருந்து, ஆளுக்கு ஐந்து நிமிடம் தரப்பட்டால், ஒரு சுற்று முடிய மூன்று மணி நேரத்திற்கு மேலாகும். குவிமாடக் காட்சியில் இக்குறை இல்லை. ஆனால் அங்கு மாணவர் பார்வையாளராகவே இருப்பர். தம் கையால் எதையும் செய்து பழக இயலாது. இதனால் வானியல் போன்ற பாடங்களுக்குக் குவிமாடமும், கைத்திறன் தேவைப்படும் பயிற்சிகளுக்குத் தலைக்கருவியும் தொட்டுணர் கருவிகளும் பொருத்தமானவை.