அலெக்சாண்டருக்குக் கிடைத்த வாத்தியார்: பாட்ரிக் சப்பீஸ் கதை

போன மாசம் என் காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தன் போன் பண்ணினான். ஏஐ வச்சு ஸ்கூல் பசங்களுக்கு ஒரு படிப்பு ஆப் கட்டிக்கிட்டு இருக்கான். என்னையும் வேலையை விட்டுட்டு வரச் சொல்றான். அவன் அனுப்பின பிட்ச் டெக்கைத் திறந்தா, முதல் ஸ்லைடுலயே பெரிய எழுத்துல இருந்தது: ஒவ்வொரு மாணவருக்கும் சொந்தமா ஒரு ஆசிரியர். இதை எங்கேயோ பார்த்திருக்கோமேன்னு தோணுச்சு. தேடிப் போனா, அது 1966-ல போய் நின்னது. இன்னைக்கு எபிசோட் அந்தக் கதைதான்.

பாட்ரிக் சப்பீஸ். 1922-ல அமெரிக்காவோட ஓக்லஹாமா மாநிலத்துல பிறந்தவர். 1950-லேர்ந்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல தத்துவப் பேராசிரியர். ஆமா, தத்துவம்தான். எட்-டெக் கம்பெனி ஆரம்பிக்கிறவர்னு சொன்னா நம்ம மனசுல வர்ற ஆளே இல்லை. ஆனா குழந்தைகள் கணக்கை எப்படிக் கத்துக்கிறாங்கங்கிற கேள்வி அவரை விடாம பிடிச்சிருந்தது. 1963 வாக்கில் ரிச்சர்ட் அட்கின்சன்ங்கிற உளவியல் பேராசிரியரோட சேர்ந்து, கணினியை வச்சுப் பாடம் நடத்துற ஆராய்ச்சியில் இறங்கினார். அதே ஸ்டான்ஃபோர்டில்தான் ஜான் மெக்கார்த்தியும் இருந்தார். செயற்கை நுண்ணறிவுங்கிற பேரையே வச்ச மனுஷன். ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்துல பயன்படுத்துற டைம்-ஷேரிங் வேலையில் இவங்க ரெண்டு பேருக்கும் தொடர்பு உண்டு. அந்த நுட்பம் இல்லாம சப்பீஸ் கனவு கண்டதுக்கு வழியே இல்லை. ஒரு குழந்தைக்கு ஒரு கணினின்னு யாராலயும் வாங்கிக் கொடுத்திருக்க முடியாது.

1965-ல ஸ்டான்ஃபோர்டு பக்கத்துல ஒரு பள்ளியின் நாலாம் வகுப்பில் ஒரு டெலிடைப் இயந்திரத்தைக் கொண்டுபோய் வச்சாங்க. டைப்ரைட்டர் மாதிரி இருக்கும், திரை கிடையாது. தொலைபேசிக் கம்பி வழியா பல்கலைக்கழகக் கணினியோட பேசும். பிள்ளை வந்து உட்கார்ந்து பேரை அடிக்கணும். கணக்கு காகிதத்துல அச்சாகி வரும். பதில் தப்புன்னா மறுபடி முயற்சி செய்யச் சொல்லும். திரும்பவும் தப்புன்னா சரியான விடையைக் காட்டிட்டு அடுத்ததுக்குப் போகும். ஒவ்வொரு பாடத்துக்கும் அஞ்சு நிலை கடினம். இன்னைக்கு நல்லா போட்டா நாளைக்கு ஒரு படி மேலே, சொதப்பினா ஒரு படி கீழே. ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் மாதிரிதான். அவ்வளவுதான் விஷயம். கோடு எழுதுறவங்களுக்குத் தெரியும், இது நாலஞ்சு இஃப்-எல்ஸ். ஆனா அந்தப் பத்து நிமிஷத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, அப்புறமா வரேன்.

அடுத்த வருஷம், 1966 செப்டம்பர் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் சப்பீஸ் ஒரு கட்டுரை எழுதினார். அதுலதான் நம்ம ஸ்லைடு வருது. மாசிடோனிய அரசர் பிலிப்போட மகன் அலெக்சாண்டருக்கு அரிஸ்டாட்டில் தனி வாத்தியாரா இருந்தார் இல்லையா, அப்படி ஒரு வாத்தியார் இன்னும் சில வருஷத்துல லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குக் கிடைப்பார்னு கணிச்சார்.

ஆனா அதே கட்டுரையில் அவர் ரொம்ப நேர்மையா இன்னொண்ணும் சொல்றார். கணினிப் பாடத்தை மூணு படியாப் பிரிக்கிறார். முதல் படி, வகுப்பில் டீச்சர் நடத்தினதுக்குப் பயிற்சி கொடுக்கிறது. ரெண்டாவது, கணினியே பாடம் நடத்துறது. மூணாவது உரையாடல், அதாவது பிள்ளை தன் சொந்த வார்த்தையில் கேள்வி கேக்கும், கணினி புரிஞ்சு பதில் சொல்லும். அரிஸ்டாட்டில் இருக்கிறது மூணாவது படியில். அது அப்போ கைக்கு எட்டாதுன்னு அவருக்கே தெரியும்.

ரெண்டாவது படியையும் அவங்க முயற்சி பண்ணாங்க. ஈஸ்ட் பாலோ ஆல்டோவில் பிரென்ட்வுட்னு ஒரு பள்ளி. ஐபிஎம் 1500 கணினி, திரை, ஒளிப்பேனா, காதுல ஹெட்ஃபோன் எல்லாம் வச்சு முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம். சப்பீஸ் கணக்கு, அட்கின்சன் வாசிப்பு. படம் பார்த்தா இன்னைக்கும் அசந்துடுவீங்க. ஆனா செலவு தாங்கலை. 1967-ல ரெண்டு பேரும் சேர்ந்து கம்ப்யூட்டர் கரிக்குலம் கார்ப்பரேஷன்னு கம்பெனி தொடங்கினப்போ, வியாபாரமா நின்னது முதல் படிதான், அந்தப் பத்து நிமிஷப் பயிற்சி. ஏழைப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிகளுக்கு 1965 சட்டப்படி மத்திய அரசுப் பணம் வந்துக்கிட்டிருந்தது, அந்தப் பள்ளிகள்தான் பெரிய வாடிக்கையாளர். சப்பீஸ் 1990 வரைக்கும் தலைமைப் பொறுப்பில் இருந்து, கம்பெனியைச் சைமன் அண்டு ஷூஸ்டர் பதிப்பகத்துக்கு வித்தார். இருபது வருஷத்துக்கு மேல ஓடின ஸ்டார்ட்அப்ங்க. அதுவே சாதனை.

சரி, பிள்ளைகள் கத்துக்கிட்டாங்களா?

இங்கதான் எனக்குச் சுவாரசியம். 1960-களின் கடைசியில் கலிபோர்னியாவிலும் மிசிசிப்பி மாநிலத்தின் மெக்கோம் ஊரிலும் டெலிடைப் வச்சு அளந்து பார்த்தாங்க. மிசிசிப்பியில் கணினியில் பயிற்சி செஞ்ச பிள்ளைகள் நல்லாவே முன்னேறினாங்க. கலிபோர்னியாவில் வித்தியாசம் குறைவு. காரணம், ஏற்கெனவே வகுப்பறை நல்லா இருக்கிற இடத்துல இயந்திரம் சேர்க்கிறதுக்குப் பெருசா ஒண்ணும் மிச்சமில்லை. அதைவிட ஒரு பள்ளியில் நடந்தது அருமை. கணினி கிடைக்காத வகுப்புகளுக்கு டீச்சர்களே தினமும் கூடுதலா கணக்குப் பயிற்சி கொடுத்திருக்காங்க. அந்தப் பிள்ளைகள் பின்தங்கவே இல்லை. இதை மறைக்காம சப்பீஸ் குழுவே எழுதி வச்சிருக்கு. எந்த ஃபவுண்டர் இன்னைக்குத் தன் டெக்குல இப்படி ஒரு ஸ்லைடு போடுவார்?

மூணாவது படியைத் தொட்டவர் வேற ஒருத்தர். பாஸ்டன் பக்கத்துல பிபிஎன் நிறுவனத்துல இருந்த ஹைமே கார்போனெல், 1970-ல ஸ்காலர்னு ஒரு நிரல் எழுதினார். தென் அமெரிக்கப் புவியியல் சொல்லிக்கொடுக்கும். அது கேள்வி கேக்கும், மாணவரும் திருப்பிக் கேக்கலாம். இன்னைக்கு நாம சாட்பாட்கிட்ட பேசுறதோட தாத்தான்னே சொல்லலாம். அவர் 1973-ல இறந்துட்டார். ஸ்காலர் ஆராய்ச்சிக்கூடத்தைத் தாண்டிப் பள்ளிக்கூட வியாபாரமா வரவே இல்லை.

இப்போ 2023-ல கான் அகாடமி கான்மிகோவை அறிவிச்சதும் அதே பேச்சு திரும்ப வந்தது. இந்தத் தடவை மூணாவது படி நிஜமாவே கையில் இருக்கு. என் ஃப்ரெண்டோட ஆப்பும் அப்படித்தான். பிரமாதமா பேசுது, தமிழ்லயும் பேசுது. அதை என் அக்கா பையன்கிட்ட கொடுத்தேன், ஆறாவது படிக்கிறான். முதல் நாள் அரை மணி நேரம் பின்னங்களைப் பத்திக் கேட்டுக்கிட்டே இருந்தான். ரெண்டாவது நாள் ஹோம்வொர்க்கை அப்படியே டைப் பண்ணி விடையை எழுதிக்கிட்டான். மூணாவது நாள் திறக்கலை. நான் கேட்டதுக்கு, "அது ஒண்ணும் சொல்லலையே மாமா"ன்னான்.

சப்பீஸோட டெலிடைப்புக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா பிள்ளையை அதுக்கு முன்னாடி தினமும் கொண்டுபோய் உட்கார வைக்க ஒரு டீச்சர் இருந்தாங்க, டைம்டேபிள்ல அந்தப் பத்து நிமிஷம் இருந்தது. இப்போ அரிஸ்டாட்டில் வந்துட்டார், யாராவது கூப்பிடுவாங்களான்னு போனுக்குள்ள காத்துக்கிட்டிருக்கார்.

ஃப்ரெண்டுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்: ரெண்டு வகுப்பை எடுத்துக்கோ. ஒண்ணுக்கு உன் ஆப், இன்னொண்ணுக்கு அதே நேரம் டீச்சரோட சாதாரணப் பயிற்சித் தாள். ஒரு டெர்ம் ஓட்டி அளந்து பாரு, அப்புறம் ராஜினாமா கடிதம் பத்திப் பேசலாம். "இன்வெஸ்டர் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார்டா"ன்னான். பேசிக்கிட்டிருக்கோம், இன்னும் முடிவாகலை.

அடுத்த எபிசோட்ல இதே காலத்துல இலினாய் பல்கலைக்கழகத்துல நடந்த பிளேட்டோ கணினியோட கதை. அரிஸ்டாட்டிலுக்கு அடுத்து பிளேட்டோவான்னு கேக்காதீங்க, பேரு அவங்க வச்சது.