விவிலியமும் அடிமை முறையும்: விளக்கம் மாறிய வரலாறு

கிறித்தவர்களின் திருமறையான விவிலியத்தின் சொற்கள் பல நூற்றாண்டுகளாகப் பெரும்பாலும் மாறாமல் இருந்து வருகின்றன. ஆனால் அச்சொற்களுக்குச் சொல்லப்பட்ட பொருள் காலந்தோறும் மாறியிருக்கிறது. இதைத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அடிமை முறை. ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் பெரும்பாலான கிறித்தவ அறிஞர்கள், திருமறை அடிமை முறையை அனுமதிக்கிறது என்றே கருதினர். இன்று அநேகமாக எல்லாத் திருச்சபைகளும் அதைப் பெரும் பாவம் என்கின்றன. வசனங்கள் அவையே, வாசித்தவர்களும் வாசித்த முறையும் மாறினர். இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திருமறையில் அடிமைகள்

விவிலியம் பல நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட நூல்களின் தொகுப்பு. அவை எழுதப்பட்ட மேற்காசியச் சமூகங்களிலும் ரோமப் பேரரசிலும் அடிமை முறை அன்றாட வாழ்வின் ஒரு பகுதி. ஆகவே திருமறையில் அடிமைகளைப் பற்றிய செய்திகள் பல இடங்களில் வருகின்றன. அவற்றை இரு வகையாகப் பிரிக்கலாம்.

அடிமை முறைக்கு ஆதரவாகக் காட்டப்பட்டவை:
- ஆபிரகாம் முதலிய முன்னோர்கள் அடிமைகளை வைத்திருந்தனர் என்ற தொடக்க நூலின் (ஆதியாகமம்) செய்திகள்.
- அயலினத்தாரை விலைக்கு வாங்கி, பிள்ளைகளுக்கு உரிமைச் சொத்தாக விட்டுச் செல்லலாம் என்னும் லேவியர் 25ஆம் அதிகாரம்.
- அடிமைகள் தம் தலைவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று கூறும் எபேசியர் 6:5, கொலோசையர் 3:22, 1 பேதுரு 2:18.

எதிராகக் காட்டப்பட்டவை:
- மனிதரைக் கடத்தி விற்பவனுக்கு மரண தண்டனை விதிக்கும் விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 21:16.
- தப்பி வந்த அடிமையைத் தலைவனிடம் ஒப்படைக்கக் கூடாது என்னும் இணைச் சட்டம் (உபாகமம்) 23:15.
- கிறிஸ்துவுக்குள் அடிமை, உரிமைக் குடிமகன் என்ற வேறுபாடு இல்லை என்று கூறும் கலாத்தியர் 3:28.
- மனிதரைத் திருடுவோரைக் கொடிய பாவிகளோடு சேர்த்து எண்ணும் 1 திமொத்தேயு 1:10.

இரு பக்கத்தாருக்கும் பயன்பட்ட பகுதிகளும் உண்டு. பிலமோனுக்கு எழுதிய திருமுகத்தில் பவுல், ஒநேசிம் என்னும் அடிமையை அவனுடைய தலைவனிடம் திருப்பி அனுப்புகிறார். ஆனால் அவனை அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறார். அவர் 'அனுப்பினார்' என்பதை ஒரு சாராரும், 'சகோதரன்' என்பதை மறு சாராரும் பற்றிக்கொண்டனர். 1 கொரிந்தியர் 7:21இன் கிரேக்க மூலமோ இன்னும் சிக்கலானது. விடுதலை கிடைக்குமானால் அதைப் பயன்படுத்திக்கொள் என்றும், அடிமை நிலையையே பயன்படுத்திக்கொள் என்றும் இரு விதமாகப் பொருள்கொள்ள அது இடம் தருகிறது.

தொடக்கத் திருச்சபையின் விளக்கம்

தொடக்க நூற்றாண்டுகளின் கிறித்தவ அறிஞர்கள் பெரும்பாலும் அடிமைகளை அன்போடு நடத்தச் சொன்னார்களே தவிர, அடிமை முறையை ஒழிக்கச் சொல்லவில்லை. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த யோவான் கிறிசோஸ்தோம், அடிமைகளை வாங்கினால் அவர்களுக்குத் தொழில் கற்பித்து விடுவிக்குமாறு செல்வர்களுக்கு அறிவுரை கூறினார். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கடவுளின் நகரம்' என்ற நூலை எழுதிய அகுஸ்தீன், கடவுள் மனிதனை மனிதனுக்கு அடிமையாகப் படைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். எனினும் அடிமை நிலை பாவத்தின் விளைவாக உலகில் வந்தது, இவ்வுலகம் உள்ளவரை அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் முடிவு. இந்த விளக்கமே மேற்கு ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலைத்தது.

இதற்கு ஒரு பெரும் விதிவிலக்கு நீசாவின் கிரகோரி. ஏறத்தாழ கி.பி. 380இல், சபை உரையாளர் நூலில் ஒருவன் 'அடிமைகளை வாங்கினேன்' என்று பெருமை பேசும் இடத்துக்கு அவர் விளக்கம் அளித்தார். கடவுளின் சாயலில் படைக்கப்பட்ட மனிதனுக்கு யார் விலை நிர்ணயிக்க முடியும் என்று அவர் கேட்டார். மனிதன் கடவுளின் சாயல் என்ற தொடக்க நூலின் கூற்று அவருக்கு முன்பும் எல்லோரும் அறிந்ததுதான். அந்தக் கூற்றை அடிமைச் சந்தையின் முன் நிறுத்தியதே அவர் செய்த புதுமை. ஆனால் அவருடைய குரல் அக்காலத்தில் எடுபடவில்லை.

கடல்வழிப் பேரரசுகளின் காலம்

15ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் ஆப்பிரிக்கக் கரையோரம் கடல்வழி தேடிச் சென்றபோது பழைய விளக்கங்கள் புதிய பயன்பாட்டுக்கு வந்தன. 1452இல் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ், கிறித்தவர் அல்லாதோரை நிரந்தர அடிமைகளாக்கும் உரிமையைப் போர்ச்சுகல் மன்னருக்கு வழங்கினார். 1537இல் திருத்தந்தை மூன்றாம் பவுல், அமெரிக்கப் பழங்குடிகளை அடிமைப்படுத்தக் கூடாது என்று அறிவித்தார். ஒரே பீடத்திலிருந்து 85 ஆண்டு இடைவெளியில் இரு வேறு கட்டளைகள் வெளிவந்தன என்பது கவனிக்கத்தக்கது.

இக்காலத்தில் ஒரு வசனம் ஒருவரின் வாழ்க்கையையே திருப்பியது. பர்த்தலோமே தே லாஸ் காசாஸ் கியூபாவில் பழங்குடிகளின் உழைப்பைப் பெற்று வாழ்ந்த ஸ்பானியக் குரு. 1514இல் மறையுரைக்கு ஆயத்தம் செய்தபோது, சீராக் நூலின் 34ஆம் அதிகாரத்தைப் படித்தார். ஏழைகளிடமிருந்து பறித்த பொருளைக் காணிக்கையாக்குவது கொலைக்கு ஒப்பானது என்பது அப்பகுதியின் கருத்து. அவர் தம் பங்கில் இருந்த பழங்குடிகளைக் கைவிட்டுவிட்டு, எஞ்சிய வாழ்நாளை அவர்களுக்காக வாதாடுவதில் கழித்தார். 1550–51இல் வயாதோலித் நகரில் செபுல்வேடா என்ற அறிஞருக்கும் அவருக்கும் புகழ்பெற்ற விவாதம் நடந்தது. ஆனால் இதே லாஸ் காசாஸ், தொடக்கத்தில் பழங்குடிகளுக்குப் பதிலாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டு வரலாம் என்று பரிந்துரைத்தவர். பின்னாளில் அதற்காக வருந்தி எழுதினார். ஓரிடத்தில் திறந்த கண் இன்னோரிடத்தில் திறக்கக் காலம் பிடித்தது.

நோவாவின் சாபம்

ஆப்பிரிக்கரை அடிமைப்படுத்துவதற்கு மிகுதியாகக் காட்டப்பட்ட சான்று தொடக்க நூல் 9ஆம் அதிகாரம். நோவா மது அருந்தி ஆடையின்றிக் கிடந்ததை மகன் காம் பார்த்தான். இதை அறிந்த நோவா, காமின் மகன் கானானைச் சபித்தார். கானான் தன் சகோதரருக்கு அடிமையாவான் என்பது அச்சாபம்.

மூலத்தில் சபிக்கப்பட்டவன் கானான், காம் அல்லன். தோலின் நிறத்தைப் பற்றி அங்கு ஒரு சொல்லும் இல்லை. ஆப்பிரிக்காவோடு தொடர்புபடுத்தப்படும் கூசு, காமின் வேறொரு மகன். இருந்தும் சாபம் காமின் வழிவந்தோர் அனைவருக்கும், குறிப்பாகக் கறுப்பினத்தாருக்கும் உரியது என்ற விளக்கம், அடிமை வணிகம் வளர வளர வலுப்பெற்றது. தேவையே விளக்கத்தை உருவாக்கியதற்கு இது நல்ல சான்று. முன்பு அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒட்டோபா குகோவானோ, 1787இல் லண்டனில் வெளியிட்ட நூலில் இத்தகைய வாதங்களை மறுத்தார்.

எதிர்ப்பு விளக்கத்தின் எழுச்சி

1688இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுன் ஊரைச் சேர்ந்த நால்வர், குவேக்கர் சபைக் கூட்டத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினர. பிறர் உங்களுக்குச் செய்ய வேண்டும் என விரும்புவதையே நீங்களும் பிறருக்குச் செய்யுங்கள் என்ற இயேசுவின் போதனையே அதன் அடிப்படை. கூட்டம் முடிவெடுக்காமல் அதை மேலிடத்துக்கு அனுப்பியது, மேலிடமும் ஒத்திவைத்தது. பிலடெல்பியாவின் குவேக்கர்கள் தம் உறுப்பினர் அடிமைகளை வைத்திருப்பதைத் தடை செய்தது 1776இல்தான். சபைக்குள்ளேயே 88 ஆண்டுகள் ஆயின.

1700இல் பாஸ்டன் நீதிபதி சாமுவேல் சுவால், சகோதரர்களால் விற்கப்பட்ட யோசேப்பின் கதையை முன்வைத்து அடிமை வணிகத்துக்கு எதிராக ஒரு சிறு நூல் வெளியிட்டார். மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லி, 1774இல் எழுதிய நூலில், திருமறையை ஒரு பக்கம் வைத்துவிட்டு இயற்கை நீதியின் அடிப்படையிலேயே வாதிட்டார். திருமறையில் தேர்ந்த ஒருவர் இவ்வாறு செய்தது, வசனத்துக்கு வசனம் மோதவிட்டால் வழக்கு எளிதில் முடியாது என்பதைக் காட்டுகிறது.

வெட்டப்பட்ட விவிலியம்

1807இல் பிரித்தானியா அடிமை வணிகத்தைத் தடை செய்தது. அதே ஆண்டில் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்காகத் தேர்ந்தெடுத்த பகுதிகள் மட்டும் கொண்ட ஒரு விவிலியம் அச்சானது. சீர்திருத்தச் சபைகளின் விவிலியத்தில் உள்ள 1,189 அதிகாரங்களில் 232 மட்டுமே இதில் இடம்பெற்றன. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து இஸ்ரயேலர் வெளியேறிய வரலாறு நீக்கப்பட்டது. கலாத்தியர் 3:28 நீக்கப்பட்டது. கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 6:5 அப்படியே இருந்தது.

எந்தப் பகுதிகள் ஆபத்தானவை என்பது தொகுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. முழு விவிலியம் அடிமை முறைக்கு முற்றிலும் சாதகமானது என்று நம்பியிருந்தால் அதை வெட்ட வேண்டிய தேவை இருந்திருக்காது.

அமெரிக்காவில் மோதல்

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இந்த விவாதம் உச்சத்தை அடைந்தது. வர்ஜீனியாவின் பாப்டிஸ்ட் போதகர் தார்ன்டன் ஸ்டிரிங்பெல்லோ 1841இல் அடிமை முறைக்கு ஆதரவாக எழுதினார். முன்னோர்கள் அடிமைகளை வைத்திருந்தனர், மோசேயின் சட்டம் அனுமதித்தது, இயேசு தடை செய்யவில்லை என்பது அவர் வாதத்தின் சுருக்கம். சொல்லுக்குச் சொல் வாசிப்பவர்களுக்கு இது வலுவாகத் தோன்றியது.

எதிர்த்தவர்கள் வேறு முறையில் வாசித்தனர். 1846இல் பிரெஸ்பிட்டேரியன் போதகர் ஆல்பர்ட் பார்ன்ஸ், புதிய ஏற்பாட்டின் கொள்கைகளைப் பின்பற்றினால் அடிமை முறை தானாகவே அழியும் என்று வாதிட்டார். தனி வசனத்தைவிட நூல் முழுவதன் போக்கே முக்கியம் என்பது இவ்வாசிப்பின் அடிப்படை. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கக் கட்டாயப்படுத்தும் சட்டம் 1850இல் வந்தபோது, ஒரு சாரார் பிலமோன் திருமுகத்தையும் மறு சாரார் இணைச் சட்டம் 23:15ஐயும் காட்டினர்.

திருச்சபைகள் பிளந்தன. 1844–45இல் மெதடிஸ்ட் சபை வடக்கு, தெற்கு எனப் பிரிந்தது. 1845இல் தென்னகப் பாப்டிஸ்டுகள் தனி அமைப்பை உருவாக்கினர். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட போர்வீரர்கள் மாண்டனர். 1865 மார்ச் 4 அன்று ஆற்றிய உரையில் ஆபிரகாம் லிங்கன், இரு தரப்பினரும் ஒரே விவிலியத்தை வாசிப்பதையும் ஒரே கடவுளை வேண்டுவதையும் சுட்டிக்காட்டினார். வாதத்தால் தீராத விளக்கச் சிக்கலைப் போர் தீர்த்தது. அவ்வாண்டு டிசம்பரில் அரசமைப்பின் 13ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது.

அடிமைகளின் வாசிப்பு

அறிஞர்களின் விவாதத்தை மட்டும் பார்த்தால் வரலாறு முழுமையாகாது. தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது சட்டப்படி குற்றம். ஆகவே அவர்கள் திருமறையைச் செவிவழியே கற்றனர். தலைவர்கள் கீழ்ப்படிதலைப் பற்றிப் போதித்தபோது, அவர்கள் மோசேயையும் செங்கடலையும் பற்றிப் பாடினர். பலரைத் தப்புவித்த ஹாரியட் டப்மன் 'மோசே' என்றே அழைக்கப்பட்டார். தப்பி விடுதலையடைந்த பிரெடரிக் டக்ளஸ், 1845இல் எழுதிய தம் வரலாற்றில், கிறிஸ்துவின் சமயம் வேறு, அடிமைகளை வைத்திருக்கும் நாட்டின் சமயம் வேறு என்று பிரித்துக் காட்டினார்.

இறையியலாளர் ஹவார்ட் தர்மன் 1949இல் எழுதிய நூலில் தம் பாட்டி நான்சி ஆம்புரோசைப் பற்றிக் கூறுகிறார். அடிமையாகப் பிறந்த அப்பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேரன்தான் அவருக்கு விவிலியம் வாசித்துக் காட்டுவார். ஆனால் பவுலின் திருமுகங்களை வாசிக்க அவர் விடுவதில்லை. அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13 மட்டும் விலக்கு. பேரன் வளர்ந்த பின் காரணம் கேட்டார். அடிமையாயிருந்த நாளில், தலைவனின் போதகர் ஆண்டுக்கு மூன்று நான்கு முறையாவது 'அடிமைகளே, கீழ்ப்படியுங்கள்' என்ற பகுதியையே போதிப்பார் என்றும், விடுதலை கிடைத்தால் அப்பகுதியை வாசிப்பதில்லை என்று தாம் உறுதி எடுத்ததாகவும் பாட்டி சொன்னார். எழுத்தறியாத அவரும் ஒரு விளக்கவுரையாளரே எனலாம்.

பிந்தைய மாற்றம்

கத்தோலிக்கத் திருச்சபையில் 1839இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி அடிமை வணிகத்தைக் கண்டித்தார். ஆயினும் அடிமை முறை தன்னளவில் இயற்கைச் சட்டத்துக்கு முரணானதன்று என்று 1866இலும் ரோமின் ஒரு துறை பதிலளித்தது. 1888இல் பதின்மூன்றாம் லியோ அடிமை முறைக்கு எதிராகச் சுற்றுமடல் எழுதினார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மனித மாண்பைக் கெடுக்கும் இழிசெயல்களின் பட்டியலில் அடிமை முறையைச் சேர்த்தது. தென்னகப் பாப்டிஸ்டுகள் தம் தோற்றத்தில் அடிமை முறைக்கு இருந்த பங்கை ஏற்று 1995இல் மன்னிப்புக் கேட்டனர்.

விளக்கம் மாறக் காரணங்கள்

1. வாசிப்பவர் மாறினர். அடிமைகளும் அடிமை வழிவந்தோரும் வாசிக்கத் தொடங்கியபோது, கவனிக்கப்படாத பகுதிகள் முன்னுக்கு வந்தன.
2. முதன்மை மாறியது. தனி விதிகளுக்கு மேலாக அன்பு, நீதி, கடவுளின் சாயல் ஆகிய கொள்கைகள் வைக்கப்பட்டன.
3. வரலாற்று நோக்கு வளர்ந்தது. பவுல் ரோமப் பேரரசில் வாழ்ந்தவர்களுக்கு எழுதினார் என்பதும், அக்கால அடிமை முறை பிற்கால இன அடிப்படையிலான முறையிலிருந்து வேறுபட்டது என்பதும் கணக்கில் கொள்ளப்பட்டன.
4. நேரடிச் சாட்சியங்கள் பரவின. அடிமைகள் எழுதிய தன்வரலாறுகள், கேள்வி நூலைப் பற்றியது மட்டுமன்று, மனிதரைப் பற்றியது என உணர்த்தின.

தமிழ் மொழிபெயர்ப்புகளில்

மொழிபெயர்ப்பும் ஒரு விளக்கமே. எபேசியர் 6:5இல் வரும் கிரேக்கச் சொல்லுக்கு 'அடிமை' என்பதே நேர்ப்பொருள். தமிழகச் சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் 'வேலைக்காரர்' என்கிறது. அதே சொல்லைக் கலாத்தியர் 3:28இல் 'அடிமை' என்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு இரு இடங்களிலும் 'அடிமை' என்றே கூறுகிறது. வேலைக்காரருக்குச் சொன்ன அறிவுரையாக வாசிக்கும்போது அவ்வசனம் யாரையும் உறுத்துவதில்லை. அடிமைக்குச் சொன்னதாக வாசிக்கும்போது, நான்சி ஆம்புரோஸ் ஏன் அதைக் கேட்க மறுத்தார் என்பது விளங்கும். மாணவர்கள் இரு பதிப்புகளையும் அருகருகே வைத்துப் படித்துப் பார்க்கலாம்.