தீப்பெட்டி ராஜாவும் ஓசி இன்டர்நெட்டும்

எங்க ஊர்ப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ்தான். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி எல்லா இடத்திலும் இதே கதை. ஒரு கொட்டகை, வரிசையாக உட்கார்ந்து குச்சி அடுக்குகிற பொம்பளைகள், மருந்து வாசம். இதற்குப் பெயர் ஆபீஸ். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிழைக்கிற ஏ.சி. ரூமுக்கும் அதே பெயர். இந்த இரண்டு ஆபீசுக்கும் சம்பந்தம் உண்டு என்பது 2015 கடைசியில்தான் எனக்கு உறைத்தது.

உறைக்க வைத்தவன் என் அக்கா மகன். ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ வேண்டுமா வேண்டாமா என்று நாடே அடித்துக்கொண்டிருந்த நேரம். நான் வேண்டாம் கட்சி. டிராய்க்கு மெயில் அனுப்பச் சொல்லி வீட்டில் எல்லார் உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தேன். அவன் கேட்டான்: “ஓசியில குடுக்கவன எதுக்கு மாமா வேண்டாங்கீக? ஒங்ககிட்ட காசு இருக்கு, நெட்டு போடுதீக. இல்லாதவன் என்ன செய்வான்?”

அன்றைக்கு என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. ஏதோ கத்தினேன்.

விஷயம் மறந்து போனவர்களுக்காகச் சுருக்கமாக. 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் கூட்டோடு ஃபேஸ்புக் ‘இன்டர்நெட்.ஆர்க்’ என்று ஒன்றை ஆரம்பித்தது. முதல் ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 38 தளங்கள் ஓசி. அதில் ஃபேஸ்புக் உண்டு, யூடியூப் கிடையாது. செப்டம்பரில் பெயர் ஃப்ரீ பேசிக்ஸ் ஆயிற்று. வாசலில் காசு வாங்க மாட்டார்கள், ஆனால் உள்ளே எந்தக் கடை இருக்கலாம் என்பதை அவர்கள் சொல்வார்கள். அவ்வளவுதான் திட்டம். டிசம்பரில் டிராய் கருத்துக் கேட்டபோது, ஃபேஸ்புக் தன் ஆட்கள் எல்லாருக்கும் ஒரு பட்டனைக் காட்டி அமுக்கச் சொன்னது. நாங்களும் அதேபோல யாரோ எழுதி வைத்த மெயிலைத்தான் பட்டன் அமுக்கி அனுப்பினோம். யோக்கியம் பேச வேண்டாம் பாருங்கள். :)

2016 பிப்ரவரி 8-ம் தேதி டிராய் தீர்த்துச் சொல்லிவிட்டது: இந்தத் தளத்துக்கு ஒரு கட்டணம், அந்தத் தளத்துக்கு ஒரு கட்டணம் என்று யாரும் வைக்கக்கூடாது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். ஃபேஸ்புக் இயக்குநர் குழுவில் இருந்த மார்க் ஆண்ட்ரீசன் கடுப்பாகி, காலனி எதிர்ப்புதான் இந்தியர்களின் பொருளாதாரத்தைக் கெடுத்தது என்கிற மாதிரி ட்விட்டரில் எழுதினார். பிறகு மன்னிப்புக் கேட்டார்.

ஒட்டப்பிடாரம் இருக்கிற தாலுகாக்களில் வந்து இதைச் சொல்லிப் பார்க்கட்டும். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்ததும், பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி தூத்துக்குடி – கொழும்பு டிக்கெட்டைக் குறைத்துக்கொண்டே வந்தது. கடைசியில் டிக்கெட்டும் ஓசி, கூட ஒரு குடையும் ஓசி என்றார்களாம். 1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைது, 1911-ல் கம்பெனி மூடல். குடை வாங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வெயில் எங்கள் ஊர் வெயில் ஆச்சே. ஆனால் இந்தக் கதையில் சுதேசி தோற்றுவிட்டது. தோற்காத கதை ஒன்று வேண்டுமென்றால் தீப்பெட்டிக்குத்தான் வரவேண்டும்.

ஸ்வீடன்காரர் ஒருவர் இருந்தார், இவார் க்ரூகர். தீப்பெட்டி ராஜா என்றே பெயர். 1917-ல் ஸ்வீடிஷ் மேட்ச் கம்பெனியை உருவாக்கி, பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் உலகத் தீப்பெட்டியில் பாதிக்கும் மேல் கைக்குள் கொண்டுவந்துவிட்டார். அவர் வித்தை மலிவு விலை மட்டும் இல்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் அரசாங்கங்கள் எல்லாம் காசுக்கு அலைந்துகொண்டிருந்தன. அவர்களுக்குக் கடன் கொடுப்பார். பதிலுக்கு, இந்த நாட்டில் தீப்பெட்டி என்றால் நான் மட்டும்தான் என்று எழுதி வாங்கிக்கொள்வார். 1925-ல் போலந்து. 1929-ல் ஜெர்மனிக்கு 12.5 கோடி டாலர். 1932 மார்ச்சில் க்ரூகர் பாரிசில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு செத்தார். கணக்கெல்லாம் மோசடி, இத்தாலியக் கடன் பத்திரங்கள் போலி என்று பிறகு தெரிந்தது. ஆள் போய், ஹிட்லர் வந்து போய், நாடே இரண்டாகப் பிளந்து, அதற்குப் பிறகும் அந்த ஜெர்மன் ஏகபோகம் 1983 வரைக்கும் நீடித்தது! ஐம்பது வருஷத்துக்கும் மேலே ஒரு நாட்டுக்காரன் வேறு தீக்குச்சி வாங்க முடியாமல் இருந்திருக்கிறான்.

இந்தியாவுக்கும் வந்தார்கள். எப்படி வந்தார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். 1922-ல் வெள்ளைக்கார அரசாங்கம் வருமானத்துக்காக இறக்குமதித் தீப்பெட்டிக்கு ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் வரி போட்டது. சுவர் எழும்பிவிட்டது. உள்நாட்டில் தீப்பெட்டி செய்தால் லாபம் என்று ஆயிற்று. அதே வருஷம்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். ஆனால் சுவரைப் பார்த்து ஸ்வீடன்காரன் திரும்பிப் போய்விடவில்லை. 1923-ல் சுவருக்கு உள்ளேயே ஒரு கம்பெனி திறந்தான். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, நமக்குத் தெரிந்த ‘விம்கோ’. முழுக்க மெஷின். சுதேசி ஆட்கள் கூச்சல் போட்டார்கள், டாரிஃப் போர்டு விசாரித்து 1928-ல் அறிக்கை கொடுத்தது. விம்கோ பாட்டுக்கு வளர்ந்தது.

அப்போ கரிசல் காட்டுத் தீப்பெட்டி எப்படிப் பிழைத்தது? மழை பெய்யாத ஊர், குச்சி காய வெயில் உண்டு, வேலை கேட்டு நிற்கிற ஜனம் உண்டு. ஊரில் கேட்டால் இதைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். உழைப்பு, சிக்கனம், குட்டி ஜப்பான் இத்யாதி. பாதிதான் உண்மை. மீதிப் பாதி ஒரு வறட்டு வரிச் சட்டம். 1934-ல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு உற்பத்தி அளவைப் பார்த்து ஏ, பி, சி, டி என்று ஆபீஸ்களைப் பிரித்தார்கள். மெஷின் வைத்த விம்கோவுக்கு வரி அதிகம், கையால் செய்கிறவனுக்குக் குறைவு. அந்த வித்தியாசத்தில்தான் எங்கள் ஊர் அடுப்பு எரிந்தது. க்ரூகரை வீழ்த்தியது குச்சி அடுக்குகிற விரல் மட்டும் இல்லை, டெல்லியில் ஏதோ ஒரு குமாஸ்தா போட்ட நாலு கட்டமும்தான். 2005-ல் ஸ்வீடிஷ் மேட்ச் தன் பங்கை ஐ.டி.சி.க்கு விற்றுவிட்டு வெளியேறியது.

சின்னது எல்லாம் நல்லது என்று இதை வைத்துச் சொல்லிவிடாதீர்கள். பெரிய முதலாளிகளே ஆபீசைத் துண்டு துண்டாக்கி, மச்சினன் பேரிலும் மருமகன் பேரிலும் எழுதிக் குறைந்த வரியை அனுபவித்தார்கள். விடிவதற்கு முன்னால் ஊர் ஊராக பஸ் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனதும் இதே கைத்தொழிலுக்குத்தான். 1986-ல் சட்டம் வந்தது, 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது, அதற்கப்புறம்தான் மெல்லக் குறைந்தது. என்னோடு ஐந்தாம் வகுப்பில் இருந்த பாதிப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் இல்லை.

நிற்க. 2016-ல் நாங்கள் கொண்டாடிய டிராய் விதியும் 1922 சுவர் மாதிரிதான் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. சுவரைச் சுற்றி நடந்ததைப் பாருங்கள். 2016 செப்டம்பர் 5-ம் தேதி ஜியோ வந்தது. (வ.உ.சி. பிறந்தநாள்! யாரும் யோசித்து வைத்ததாக இருக்காது.) எல்லாத் தளமும் ஓசி என்றால் பாகுபாடு இல்லையே, விதிக்குள் அடங்கிவிட்டது. 2017 மார்ச் வரை ஓசி. விளைவு? ஃப்ரீ பேசிக்ஸ் கொடுத்த அந்த ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸே, தம்பி கம்பெனி, 2017 கடைசியில் போன் சேவையை மூடிவிட்டது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் படுத்தது. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த கம்பெனி, எங்கள் தெருவில் பாதிப்பேர் ஏர்செல்தான். திடீரென்று ஒருநாள் சிக்னலே இல்லை. நம்பரை மாற்றிக்கொள்ளக் கடை கடையாக வரிசை நின்றது.

2020 ஏப்ரல் 22. ஜியோ பிளாட்ஃபார்ம்சில் 9.99 சதவீதப் பங்கை 43,574 கோடி ரூபாய் கொடுத்து ஃபேஸ்புக் வாங்கியது. ஜூலையில் கூகுள் 33,737 கோடி போட்டது. வாசலில் விடவில்லை என்றால் என்ன, வீட்டிலேயே பங்கு வாங்கிவிட்டார்கள். விம்கோ திறந்த மாதிரியே. அதே 2020 ஏப்ரலில்தான், கைத்தீப்பெட்டிக்கு 5, மற்றதற்கு 18 என்று இருந்த ஜி.எஸ்.டி. இரண்டுக்கும் 12 சதவீதம் என்று ஆனது. எங்கள் ஊர் வேலியும் அந்த மாதத்தோடு போயிற்று.

அக்கா மகனுக்குப் பதில் சொல்ல இவ்வளவு போதும் என்றுதான் நினைத்திருந்தேன்: “ஓசியைத் தடுக்கலடா, எல்லாருக்கும் வாசல் ஒண்ணா ஆகிறதைத்தான் தடுக்கணும்.” ஆனால் வாசலுக்கு ஆள் வைப்பவன் கம்பெனிக்காரன் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த என் புத்தியை 2018 மே மாதமே ஒரு கலக்குக் கலக்கியிருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையை முடித்தால் பொய்.

மே 22-ம் தேதி தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டை எதிர்த்துப் போன ஊர்வலத்தின் மேல் போலீஸ் சுட்டது. அன்றும் அடுத்தும் சேர்த்து 13 பேர் செத்தார்கள். 23-ம் தேதி உள்துறை உத்தரவு: தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் 27-ம் தேதி வரை இன்டர்நெட் கிடையாது. வதந்தி பரவுகிறதாம். கோவில்பட்டி அங்கிருந்து 60 கிலோமீட்டர், ஆனாலும் தூத்துக்குடி மாவட்டம்தானே. சேர்த்து அணைத்துவிட்டார்கள். துப்பாக்கிச் சூட்டு வீடியோவை உலகமே பார்த்துக்கொண்டிருந்தது, அந்த மாவட்டத்துக்காரன் பார்க்க முடியவில்லை.

இதற்கு ஆதாரம் 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டம். வ.உ.சி.க்கு அப்போது 13 வயசு. அந்தச் சட்டத்தின் கீழே 2017 ஆகஸ்டில் இன்டர்நெட்டை நிறுத்தி வைப்பதற்கென்று விதி எழுதிக்கொண்டார்கள். 2020 ஜனவரி 10-ல், காஷ்மீர் சம்பந்தமாக அனுராதா பாசின் வழக்கில், உத்தரவை வெளியிட வேண்டும், காலவரையில்லாமல் நிறுத்தக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2023-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டமும் அணைக்கிற அதிகாரத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது.

தீப்பெட்டி ஆபீஸ் எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் நிறுத்த வேண்டும் என்றால் ஊர் ஊராகப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். இன்டர்நெட்டுக்கு நாலைந்து கம்பெனிக்குக் கடிதம் போதும். ஏர்செல் போன்றவை செத்துக் கம்பெனிகள் குறையக் குறையக் கடிதமும் குறையும். எந்தக் கம்பெனியும் முடியாது என்று சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, லைசென்ஸ் அரசாங்கத்திடம் இருக்கிறது. க்ரூகர் ஏன் ஜனங்களை விட்டுவிட்டு மந்திரிகளிடம் போய்க் கடன் கொடுத்தார் என்பது அப்போது எனக்குப் புரிந்தது. எங்கள் கைத்தீப்பெட்டியைக் காப்பாற்றிய அரசாங்கமும், எங்கள் போனை அணைத்த அரசாங்கமும் வேறு வேறு இல்லை. இன்னொரு சட்டம் வேண்டும் என்று யாராவது கூட்டத்தில் பேசினால் இப்போதெல்லாம் நான் கை தட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கிறேன்.

மே 24-ம் தேதி சாயங்காலம் எனக்கு சென்னையில் ஒரு போன். ஊரில் சின்னதாகத் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிற அண்ணாச்சி. பண்டல் எல்லாம் லாரியில் ஏற்றியாகிவிட்டது, நாக்பூர் லோடு. ஏப்ரல் 1-ல் இருந்து 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு மாநிலம் தாண்டினால் இ-வே பில் வேண்டும். அதை அரசாங்கத்தின் வெப்சைட்டில்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, நெட்டை அமத்துனவனும் அவன்தான், நெட்டுல வந்து சீட்டு வாங்குங்கிறவனும் அவன்தான். என்ன செய்யச் சொல்லுத?”

பாஸ்வேர்டைப் போனிலேயே சொன்னார். பேத்தி பேர், பக்கத்தில் பிறந்த வருஷம். இதெல்லாம் யாரிடமும் சொல்லக்கூடாது அண்ணாச்சி என்றேன். “ஒன்ட்டதான சொல்றேன்.” நான் சென்னையில் உட்கார்ந்து லாரி நம்பரை மூன்று தடவை கேட்டு அடித்தேன். வந்த 12 இலக்க எண்ணை ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க, அவர் தீப்பெட்டி லேபிளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். பத்தரை மணிக்கு மறுபடி போன் வந்தது. லாரி சாத்தூர் தாண்டிவிட்டதாம்.