கூடாரப் பண்டிகை: பந்தலே திருவிழா

தங்காக் வட்டாரத் தோட்டங்களில் கோயில் திருவிழா என்றால் முதல் வேலை பந்தல் போடுவதுதான். அந்தப் பந்தலையே திருவிழாவாகக் கொண்டாடுபவர்கள் யூதர்கள். எபிரேயத்தில் 'சுக்கோத்' எனப்படும் இவ்விழா, தமிழ் விவிலியத்தில் 'கூடாரப் பண்டிகை' என வழங்குகிறது.

தோற்றம்

எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேலர், விடுதலைக்குப் பின் 40 ஆண்டுகள் பாலைவனத்தில் அலைந்தபோது கூடாரங்களில் தங்கியதை இவ்விழா நினைவூட்டுகிறது. விளைச்சலைச் சேர்த்தபின் நன்றி கூறும் அறுவடை விழாவும் இதுவே. திஷ்ரி மாதம் 15ஆம் நாள், பௌர்ணமியை ஒட்டித் தொடங்கும். நம் நாட்காட்டியில் அது செப்டம்பர் அல்லது அக்டோபரில் வரும்.

வழக்கங்கள்

வீட்டு முற்றத்தில் குடில் கட்டி, தழையாலும் ஓலையாலும் கூரை வேய்வார்கள். உள்ளே வெயிலைவிட நிழல் அதிகம் இருக்க வேண்டும். இரவில் இடைவெளி வழியே விண்மீன் தெரிவது சிறப்பு. ஏழு நாளும் உணவு அங்கேதான். மழை கொட்டினால் வீட்டுக்குள் போய்ச் சாப்பிடலாம். நாரத்தை இனப் பழம், பேரீச்சங் குருத்தோலை, மிர்ட்டில் கிளை, ஆற்றலரிக் கிளை ஆகிய நான்கையும் கையில் ஏந்தி வழிபடுவார்கள்.

கொச்சியில்

கி.பி. 1000 அளவில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்குச் செப்பேடு வழங்கினார். வட்டெழுத்தில் அமைந்த அது பகல் விளக்கு, பாவாடை, குடை உள்ளிட்ட 72 உரிமைகளைத் தருகிறது. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெபாலயம் இன்றும் நிற்கிறது. கூடாரப் பண்டிகையை அடுத்து வரும் 'சிம்ஹாத் தோரா' நாளில், கொச்சி யூதர்கள் வேதச் சுருள்களை ஜெபாலயத்துக்கு வெளியே எடுத்து வந்து வலம் வருவது வழக்கமாக இருந்தது. சாமி புறப்பாடு பார்த்த நமக்கு அது புதிதல்ல. 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர்.

பினாங்கில்

யூதர்களின் கூட்டு வழிபாட்டுக்கு மரபுப்படி வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். பினாங்கு நகோர் சாலையில் 1929இல் திறக்கப்பட்ட ஜெபாலயம், அந்தப் பத்துப் பேர் கிடைக்காமல் 1976இல் மூடப்பட்டது. 1805இல் தொடங்கிய யூதர் இடுகாடு இன்றும் அங்கே இருக்கிறது.

தோட்டத்தை விட்டு ஆள் போனபின் திருவிழா நின்றுபோன கோயில்களை அறிந்தவர்களுக்கு, அந்தப் பத்துப் பேரின் கணக்கு எளிதில் விளங்கும்.